முதல் ஏர் ரைபிள் வாங்கப் போறீங்களா? பில் தொகையை மட்டும் பார்க்காதீங்க



பைக், போன் எது வாங்கினாலும் விலையை மட்டும் பார்க்காம, முதல் வருஷத்துக்கு மொத்தமா எவ்வளவு செலவாகும்னு பாருங்கன்னு நம்ம சேனல்ல அடிக்கடி சொல்லுவோம். இன்னைக்கு அதே கணக்கை ஏர் ரைபிளுக்குப் போட்டுப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் வேலைக்குப் போற இளைஞர்கள் பலருக்கும் இந்த ஆசை இருக்கு. ஆசையில தப்பு இல்லை. ஆனா இந்தப் பொருள்ல தப்பாக் கணக்குப் போட்டா, போறது பணம் மட்டும் இல்லை.

ஸ்பிரிங் ஏர் ரைபிள்னா என்ன?

திருவிழாவுல பலூன் சுடுவோமே, அதே வகைதான். குழலை மடக்கும்போது உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அழுந்தும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னாடி தள்ளும். அந்தக் காற்றழுத்தத்துல பெல்லட், அதாவது சின்ன ஈய ரவை, வெளியே பாயும்.

முதல் துப்பாக்கிக்கு இந்த வகை ஏன் சரி? பி.சி.பி. வகைக்குக் காற்று நிரப்பத் தனியா பம்ப்போ சிலிண்டரோ வேணும். சி.ஓ.2 வகைக்குக் கேஸ் குப்பி வாங்கிக்கிட்டே இருக்கணும். ஸ்பிரிங் வகைக்கு உங்க கை பலம் போதும்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆயுத விதிகள் 2016-ன்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ. (.177) மேல் போகாம, பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாம இருக்கிற ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22 அளவு வாங்கினா உரிமம் வேணும். "எல்லாரும் வச்சிருக்காங்க சார்"னு யாராவது .22-ஐ நீட்டினா, அப்படியே திரும்பி வந்துடுங்க.

அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்கிற முறையான கடையில மட்டும் வாங்குங்க. பில்லுல மாடல், வரிசை எண், 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். பில் இல்லாத பழைய துப்பாக்கி பாதி விலைக்குக் கிடைச்சாலும் வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் மாத்தியிருக்காங்களான்னு உங்களுக்குத் தெரியாது. அதனால 20 ஜூலைத் தாண்டினா, பதில் சொல்ல வேண்டியது கையில வச்சிருக்கிற நீங்கதான்.

'1000 எஃப்.பி.எஸ்.' விளம்பரம்

எஃப்.பி.எஸ்.னா ஒரு நொடிக்கு எத்தனை அடி. 1000 எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு சுமார் 305 மீட்டர். சாதாரண 4.5 மி.மீ. பெல்லட் சுமார் அரை கிராம். அது உண்மையிலேயே அந்த வேகத்துல போனா ஆற்றல் 23 ஜூல், அதாவது சட்ட வரம்பைத் தாண்டிடும். அரை கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் வரம்புங்கிறது சுமார் 283 மீட்டர் வேகம்தான். அதனால பெரிய எண் போட்ட விளம்பரத்துல ரெண்டுல ஒண்ணு இருக்கும்: மிக லேசான பெல்லட்டை வச்சு அளந்திருப்பாங்க, இல்லைன்னா அந்த எண்ணே சும்மா.

10 மீட்டர் ஒலிம்பிக் போட்டித் துப்பாக்கிகளின் வேகம் நொடிக்கு சுமார் 170 மீட்டர்தான். ஆற்றல் 7-8 ஜூல். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் பிரிவுலதான். வேகம் கூடினா குறி கூடாது. ஸ்பிரிங் துப்பாக்கியில வேகம் கூடக் கூட உதறலும் கூடும், குறி தவறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. எடை: தோள்ல வச்சு ஒரு நிமிஷம் ஆடாமப் பிடிக்க முடியுதான்னு கடையிலேயே பாருங்க.
2. மடக்கும் பலம்: 50 தடவை மடக்கணும். பத்தாவது தடவையே கை வலிக்கிற மாடல் வேண்டாம்.
3. உதிரி பாகம்: ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் தேய்கிற பொருள்கள். அது எங்கே கிடைக்கும், யார் மாத்தித் தருவாங்கன்னு கேளுங்க. நம்ம நாட்டுத் தயாரிப்பான பிரெசிஹோல் மாதிரி நிறுவனங்களையும், டயானா, கேமோ மாதிரி வெளிநாட்டுப் பெயர்களையும் இந்தக் கேள்வியை வச்சே ஒப்பிடுங்க.
4. ஸ்கோப்: இப்போதைக்கு வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாடியும் முன்னாடியும் ரெண்டு பக்கமும் உதறும். அதுக்குன்னு செய்யாத மலிவு ஸ்கோப் சீக்கிரமே கெட்டுப்போகும். சாதாரண குறிமுனையில பழகுங்க.

முதல் வருஷச் செலவு

ஒரு மாதிரிக் கணக்கு. தொகையை உங்க ஊர் விலைக்கு மாத்திக்கோங்க.

- துப்பாக்கி: 12,000 ரூபாய்
- பெல்லட் பிடிக்கிற பெட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, உறை: 2,500
- பெல்லட்: வாரம் 100 வீதம் வருஷத்துக்கு 5,200. 500 பெல்லட் டின் 500 ரூபாய்னா, 11 டின்: 5,500
- மாசம் ரெண்டு தடவை பயிற்சிக்குப் போய் வர, தடவைக்கு 400 ரூபாய்: 9,600

மொத்தம் 29,600. பில் தொகையைப் போல கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. கிளப் கட்டணம் இதுல சேரலை. 25,000 சம்பளத்துல இது ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல.

இதை கிரெடிட் கார்டுல வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கிட்டு இருக்காதீங்க. பல கார்டுகள்ல வட்டி மாசம் 3 சதவீதத்துக்கு மேல போகும். மாசம் 2,500 வீதம் ஆறு மாசம் ஆர்.டி. போட்டா 15,000. துப்பாக்கியும் பாதுகாப்புப் பொருள்களும் அதுக்குள்ள வந்துடும்.

கல்வராயன் மலைக்கு எடுத்துட்டுப் போகலாமா?

போகாதீங்க. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை, மேகம் அருவின்னு பைக்ல கிளம்பும்போது "அப்படியே ரெண்டு முயல், கவுதாரி"ன்னு நண்பர் சொல்லுவார். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதும், அதை வச்சு வேட்டையாடலாம் என்பதும் ஒண்ணு இல்லை. முயலும் கவுதாரியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-க்குள் வருது. 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மயில் மாதிரி முதல் அட்டவணை உயிரினம்னா சிறை குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. குற்றத்துக்குப் பயன்படுத்திப் பறிமுதல் ஆன ஆயுதமும் வாகனமும் அதே சட்டத்தின் 39-வது பிரிவுப்படி அரசுக்குச் சொந்தம். 12,000 ரூபாய் துப்பாக்கியோட இன்னும் இ.எம்.ஐ. முடியாத உங்க பைக்கும் போயிடும். டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கிறவங்க ஒண்ணு யோசிங்க: தேர்வானதும் குற்ற வழக்கு இருக்கான்னு விசாரிப்பாங்க.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீஸ் பிடிக்கிற செய்தி இந்த மலையிலிருந்து அடிக்கடி வருது. அதனால துப்பாக்கி உறை தோள்ல தெரிஞ்சாலே விசாரணை வரும். அதுல நியாயமும் இருக்கு. காட்டுப்பன்றி பயிரை அழிக்குதுன்னாலும் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்லணும். நாமளா சுடக்கூடாது.

அப்போ எங்கே சுடுறது?

சரியான இடம் ரைபிள் கிளப். கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்ல இருக்கிற சேலத்துல முதல்ல விசாரிங்க. சென்னை, கோவை, மதுரையில வேலை பார்க்கிறவங்களுக்கு அங்கங்கே ரைபிள் கிளப் இருக்கு.

சொந்த நிலத்துல சுடுறதா இருந்தா, பின்னாடி மண்மேடோ களிமண் நிரப்பின பெட்டியோ இருக்கணும். கல், இரும்பு மேல பட்டா பெல்லட் திரும்பி வரும், கண்ணே போயிடும். குறி தவறின பெல்லட் 100 மீட்டரைத் தாண்டியும் போகும். மொட்டை மாடி, தெருவோரம் வேண்டவே வேண்டாம். அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி சுட்டா பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவுல வழக்கு வரும்.

பெல்லட் போடும்போது மடக்கின குழலை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. அது பட்டுனு மூடினா விரல் நசுங்கும். பெல்லட் இல்லாம சும்மா சுடாதீங்க, பிஸ்டனும் சீலும் அடிபடும். ஈயத்தைத் தொட்டதால சுட்டு முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா துப்பாக்கியைப் பூட்டி வைங்க, பெல்லட்டை வேற இடத்துல வைங்க.

என் பரிந்துரை

முதல் மாசம் ஆர்.டி. ஆரம்பிங்க, கிளப்ல விசாரிங்க. முடிஞ்சா அங்கே இருக்கிற துப்பாக்கியில நாலைஞ்சு தடவை சுட்டுப் பாருங்க. ஆறு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, 4.5 மி.மீ., சாதாரண வேகம், பில்லோட, ரொக்கத்துல வாங்குங்க. ஆசை போயிருந்தா 15,000 ரூபாய் உங்க அவசர நிதியில சேரட்டும்.