தன் தோலையே தாக்கும் பூனை உடல்

பூனையின் காது மடலிலும் மூக்கின் மேலும் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. பார்த்ததும் சொறி என்போம், சண்டையில் பட்ட காயம் என்போம். பல நேரம் அப்படித்தான் இருக்கும். கால்நடை மருத்துவரோ அத்துடன் விடமாட்டார். பாதத்தை மெல்ல அமுக்கி, உள்ளிழுத்த நகத்தை வெளியே வரவைத்துப் பார்ப்பார். பல விரல்களில், நகம் முளைக்கும் இடத்தைச் சுற்றிக் கெட்டியான சீழ் இருந்தால் 'பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்' என்ற நோயைச் சந்தேகிப்பார்.

கிருமிகளை எதிர்க்க உடலில் எதிர்ப்பொருள் என்ற புரதங்கள் உண்டு. தோலின் செல்களோ, விளையாட்டில் பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல ஒன்றையொன்று பற்றி நிற்பவை. இந்த நோயில் எதிர்ப்பொருள் தவறிப்போய் அந்தப் பிடியையே தாக்குகிறது. பிடி விட்ட செல்கள் பிரிய, சீழ்க்கொப்புளம் கிளம்புகிறது. பூனையின் மேல்தோல் மிக மெல்லியது. கொப்புளம் சீக்கிரமே உடைந்து பொருக்காகிவிடும்.

உடையாத கொப்புளம் ஒன்று கிடைத்தால் மருத்துவருக்குக் கொண்டாட்டம்தான்! ஊசி நுனியால் குத்தி, சீழைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். பிரிந்து வந்த தோல் செல்கள் உருண்டையாக மிதக்கும். நோயை உறுதிசெய்ய, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலில் சிறு துண்டையும் எடுப்பார்கள். அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவமாட்டார்கள். நமக்கு அழுக்காகத் தெரியும் பொருக்கில்தானே அந்தச் செல்கள் இருக்கின்றன!

இத்தனை நிதானம் எதற்கு? படர்தாமரைப் பூஞ்சையும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கலாம். பெம்பிகஸுக்கான மருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. பூஞ்சை இருக்கும்போது அதைக் கொடுத்தால் பூஞ்சை பரவிவிடும், நமக்கும் தொற்றும். அதனால் முடியைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவார்கள். பெம்பிகஸ் யாருக்கும் தொற்றாது. அந்தப் பூனையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

மருந்துகளில் முதலாவது பிரெட்னிசோலோன் மாத்திரை. அது மட்டும் போதாதபோது சைக்ளோஸ்போரின் உதவும். நாய்களுக்குக் கொடுக்கும் அசதயோபிரின் பூனைகளுக்கு ஆகாது, எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். பிரெட்னிசோலோனும் சில பூனைகளுக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவரும். ஆகவே புண் ஆறியதும் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பாவம், பல பூனைகளுக்கு நீண்ட காலம் மருந்து தேவைப்படும். ஆறிவிட்டதே என்று வீட்டில் யாராவது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தப் பார்த்தால், மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.