எல்லை கடவாமலே ஒரு பெரும் பள்ளத்தாக்கு

கோடை விடுமுறை அண்மிக்கும் பொழுது மொன்றியல் வாழ் எம்மவர் இல்லங்களில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கன்யனைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகள் பலரின் ஆசை. 446 கிலோமீற்றர் நீளமும், சில இடங்களில் 1,800 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமும் கொண்ட அப்பள்ளத்தாக்கு 1919ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இங்கிருந்து வீதி வழியாக 4,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஆயினும் எம்மவரிற் பலருக்குத் தடையாக நிற்பது அந்தத் தூரமன்று. மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத்துள் வந்துவிடும் லக்கோல் எல்லைச் சாவடியே.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் இங்கு பிறந்த கனடியப் பிரசைகள். தந்தை நிரந்தர வதிவுரிமை பெற்றவர். அண்மையில் வந்து சேர்ந்த சித்தப்பாவின் அகதிக் கோரிக்கை இன்னும் தீர்க்கப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கனடியக் கடவுச்சீட்டுப் போதும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தந்தைக்கு, வதிவுரிமை அட்டை இருந்தாலும், அமெரிக்க விசா வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டுப் பயண ஆவணம் பெற்றவருக்கும் இதே விதிதான்.

சித்தப்பாவின் நிலையோ வேறு. தீர்ப்பு வருமுன் கனடாவை விட்டு வெளியேறினால் அவரது கோரிக்கையே கைநழுவக்கூடும். கைவிடப்பட்ட கோரிக்கையை மீண்டும் தொடங்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. கனடாவும் அமெரிக்காவும் 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தி வரும் பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கையும் 2023 மார்ச் 25 முதல் தரை எல்லை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. இரண்டு நாட் பயணந்தானே என்று எண்ணி, வழக்கறிஞரைக் கேளாமல் எல்லைப் பக்கம் செல்வது பேராபத்தாகும்.

ஆகவே, வரைபடத்தை விரிக்குமுன் வாகனத்தில் ஏறப்போகும் ஒவ்வொருவருடைய பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். எவருடைய பத்திரம் மிகக் குறைந்த உரிமையைத் தருகின்றதோ, அவருக்கேற்பப் பாதையை வகுத்தலே முறை. சித்தப்பாவை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு ஏனையோர் செல்வது உல்லாசப் பயணமாகாது.

அத்தகைய குடும்பத்துக்கு ஏற்ற பள்ளத்தாக்கு ஒன்று கியூபெக் மாகாணத்திலேயே உண்டு. சார்லவுவாப் பிரதேசத்தில், மல்பே ஆறு மலைகளை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் அமைந்த அப்பூங்காவைச் சுருக்கமாக 'ஓட் கோர்ஜ்' என்பர். உயர்ந்த மலையிடுக்குகள் என்பது பொருள். 2000ஆம் ஆண்டில் மாகாண அரசு இதனைத் தேசியப் பூங்காவாக்கியது. பனியாறுகள் குடைந்த இப்பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்கள் 800 மீற்றர் வரை உயர்ந்து நிற்கின்றன. கனடாவின் கிழக்குப் பகுதியில் இத்துணை உயர்ந்த பாறைச் சுவர்கள் மிக அரிது.

மொன்றியலிலிருந்து கியூபெக் நகருக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அங்கிருந்து 138ஆம் இலக்க வீதியில் பே சென் போல் ஊரைக் கடந்து, சென் எமே டே லாக் என்னும் சிற்றூரின் வழியாகப் பூங்காவை அடையலாம். ஏறத்தாழ ஐந்து மணி நேர ஓட்டம். வழியில் எந்த எல்லைச் சாவடியும் இல்லை. ஒரே நாளிற் போய்த் திரும்புவது களைப்பைத் தரும். ஓர் இரவு தங்குவதே நன்று. கூடாரமடிக்கும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்தல் அவசியம். 17 வயதும் அதற்குட்பட்டவர்களும் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

உடல் வலுவுள்ளோர் 'அக்ரோபோல் டே ட்ராவர்' என்னும் மலைப்பாதையில் ஏறலாம். முற்காலத்தில் மரக்குற்றிகளை ஆற்றில் மிதக்கவிட்டு நடத்திச் சென்ற தொழிலாளரின் நினைவாக அப்பெயர் வந்தது. போய் வர ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஐந்தாறு மணி நேரம் செல்லும். முதியோரும் சிறுவரும் அணைக்கட்டின் அருகே அமைதியாகக் கிடக்கும் ஆற்றின் கரையில் இளைப்பாறலாம். வாடகைத் தோணியும் பெறலாம். யூன் மாதத்திற் கடிக்கும் ஈக்களின் தொல்லை உண்டு. செப்ரெம்பர் இறுதியில் மலைகள் செந்நிறமாகும்.

புறப்படுமுன் வாகனத்துக்கு எரிபொருள் நிரப்பிக் கொள்ளுங்கள். புட்டோ கட்டுச் சோறோ எடுத்துச் செல்லலாம். ஆனால் கரடிகள் உலாவும் காடு என்பதால் மிச்ச உணவை வெளியில் விடலாகாது. கோரிக்கையாளர் தமது அடையாளப் பத்திரத்தைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். விசாரணைத் திகதியோ, குடிவரவு அலுவலகத்தில் கையொப்பமிடும் நாளோ பயணத்துடன் மோதாதவாறு பார்த்துக் கொள்வதும் முக்கியம்.

கிராண்ட் கன்யன் எங்கும் போய்விடாது. சித்தப்பாவின் கையிலும் கடவுச்சீட்டு வரும் நாளில் அதனையும் சென்று பார்க்கலாம். இக்கோடையில், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வாகனத்தில் ஏறக்கூடிய திசை வடகிழக்கே.