கப்பலறை விளக்கும் அட்டைச் சாவியும்

கரையிலுள்ள வீடுகளுக்கு மின்சாரம் கம்பி வழியே வந்து சேருகின்றது. நடுக்கடலிற் செல்லும் கப்பலுக்கோ அத்தகைய கம்பி கிடையாது. அதில் ஒளிரும் ஒவ்வொரு மின்குமிழுக்கும் வேண்டிய சக்தியை அக்கப்பலே தான் சுமந்து செல்லும் எரிபொருளைக் கொண்டு பிறப்பித்துக்கொள்ள வேண்டும். இன்றைய பெரிய உல்லாசப் பயணக் கப்பல்கள் பலவற்றில், கப்பலை உந்திச் செலுத்தும் மின்சாரமும் பயணிகளின் அறைகளுக்கு ஒளியூட்டும் மின்சாரமும் ஒரே மின்பிறப்பாக்கிகளிலிருந்து பெறப்படுகின்றன. ஆளில்லாத அறையில் விளக்கு எரியுமாயின், வீணாவது அக்கப்பலின் எண்ணெயே.

இதனைத் தடுக்கும் பொருட்டுச் சில கப்பல்களில் அறைவாயிலின் அருகே சிறு பிளவுடைய ஆளியொன்று பொருத்தப்பட்டுள்ளது. 1970களில் நோர்வே நாட்டவரான தோர் சோர்ன்ஸ், துளைகளிட்ட அட்டையால் திறக்கும் பூட்டை உருவாக்கினார். பின்னர் பரவிய அட்டைச் சாவியே இன்று விளக்குக்கும் காவலாயிற்று. அறைக்குள் நுழைபவர் கதவைத் திறந்த அட்டையைப் பிளவினுட் செருகுகின்றார். அது உள்ளேயுள்ள நெம்பை அழுத்த, மின்சுற்று நிறைவுற்று விளக்குகள் ஒளிர்கின்றன. அட்டையை எடுத்ததும் அவை பொதுவாகச் சிறிது நேரம் தாமதித்தே அணைகின்றன. வெளியேறுபவர் இருளில் தடுமாறாதிருக்கவே இவ்வேற்பாடு.

இதனால் விளையும் சிக்கனம் அற்பமானதா? ஆயிரம் அறைகளுள்ள ஒரு கப்பலில் அறையொன்றுக்கு 60 உவாற்று வீதம் விளக்குகள் எரிவதாகக் கொள்வோம். மொத்தம் 60 கிலோ உவாற்று ஆகும். கப்பலின் டீசல் எஞ்சின் ஒரு கிலோ உவாற்று மணி மின்சாரத்திற்கு ஏறத்தாழ 200 கிராம் எண்ணெயை எரிக்கின்றது. ஆகவே மணிக்கு 12 கிலோகிராம் எண்ணெய் செலவாகும். பயணிகள் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிவரும் எட்டு மணி நேரத்தில் அது 96 கிலோகிராமாகிவிடும். விளக்குகள் தரும் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டும் பொறிகளும் மேலும் உழைக்க வேண்டும்.

இவ்வாளிகளுட் பல, செருகப்பட்ட அட்டை யாருடையது என்று ஆராய்வதில்லை. அதே அளவான தடித்த அட்டை எதுவாயினும் அவை ஏற்றுக்கொள்ளும். ஆதலால் வேறோர் அட்டையை நிலையாகச் செருகிவிட்டு வெளியே செல்வோரும் உளர். இவர்கள் யாவரும் சோம்பேறிகள் அல்லர். மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டியவரும், மூச்சுக்கு உதவும் கருவியின் மின்கலத்தைப் பகலில் ஏற்ற வேண்டியவரும் அவர்களிடையே இருக்கலாம். எனினும் ஆளிக்குக் கட்டுப்படாத மின்செருகிடங்கள் பல அறைகளில் உண்டு. முதல் நாளிலேயே அறைப் பணியாளரிடம் கேட்டறிந்தால் இந்தத் தந்திரம் வேண்டியதில்லை.

ஆபத்து வேளையில் இவ்வாளி பயணிகளை இருளில் விட்டுவிடுமோ என்ற அச்சமும் எழலாம். 1912இல் தைத்தானிக்குக் கப்பல் மூழ்கியதன் பின், கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. இன்று நடைமுறையிலுள்ளது, காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வரும் 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையாகும். அதன்படி, பிரதான மின்சாரம் தடைப்பட்டாலும் பயணிகள் கப்பலின் நடைவழிகளுக்கும் படிகளுக்கும் 36 மணி நேரம் ஒளி தரவல்ல தனியான அவசர மின்வழி இருத்தல் வேண்டும். அறையின் ஆளிக்கு அவ்விளக்குகள் மீது அதிகாரமில்லை.

உயிரைக் காக்கும் ஒளியைச் சட்டம் காக்கின்றது. வீணாகும் ஒளியைத் தடுக்கும் பொறுப்போ, அறையைவிட்டு வெளியேறுபவரின் கையிலுள்ள அட்டையிடமே விடப்பட்டிருக்கின்றது.