குத்தகை முறையும் வேளாண்மையில் புதுமையும்

வீரிய விதையும் ரசாயன உரமும் சிற்றூர்க் கடைகளை எட்டிவிட்டன என்பதாலேயே அவை எல்லா வயல்களையும் எட்டிவிடுவதில்லை. பயிரிடுபவர் நிலத்தின் உரிமையாளரா, குத்தகைதாரரா, குத்தகைதாரராயின் எத்தகைய நிபந்தனைக்கு உட்பட்டவர் என்பதையும் பொறுத்தே புதிய முறைகள் பரவுகின்றன.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 1,000 ரூபாய்க்குக் கூடுதலாக உரமிட்டால் 1,600 ரூபாய் மதிப்புள்ள கூடுதல் மகசூல் கிடைப்பதாகக் கொள்வோம். சொந்த நிலத்தில் பயிரிடுபவருக்கு 600 ரூபாய் ஆதாயம். விளைச்சலில் பாதியை வாரமாக அளக்கும் குத்தகைதாரர் உரச் செலவு முழுவதையும் தாமே ஏற்பின், அவருக்குக் கிடைப்பது 800 ரூபாய். நட்டம் 200 ரூபாய். எனவே, அவர் உரமிடத் தயங்குவது அறியாமையன்று, கணக்கறிந்த முடிவே. ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட பொருளியல் நூலில் வாரமுறையின் இக்குறையை விளக்கியுள்ளார்.

குறையை நீக்க வழிகள் உண்டு. உரச் செலவில் பாதியை உரிமையாளர் ஏற்றால், இருவருக்கும் தலா 300 ரூபாய் மிஞ்சும். வாரத்தைக் காற்பங்காகக் குறைத்தால், முழுச் செலவையும் ஏற்கும் குத்தகைதாரருக்கே 200 ரூபாய் ஆதாயம் உண்டு. நிலையான குத்தகையில் கூடுதல் மகசூல் முழுவதும் அவரையே சேரும். ஆனால், வறட்சியின் சுமையும் அவர் தலையிலேயே விழும். வாரமுறை நட்டத்தையும் பங்கிடுவதால்தான் வசதியற்ற உழவர் பலர் அதனை விரும்புகின்றனர்.

பங்கு ஒருபுறமிருக்க, உரிமையின் உறுதியும் இன்றியமையாதது. உரத்தின் பலன் ஒரு பருவத்தில் கிட்டும். குழாய்க் கிணற்றின் பலனைப் பெறப் பல ஆண்டுகள் வேண்டும். அடுத்த பருவத்தில் நிலம் கையில் இருக்குமோ என ஐயுறுபவர் கிணறு தோண்ட முன்வரார்.

இவ்விரு கூறுகளையும் மேற்கு வங்கம் ஒருங்கே கையாண்டது. வாரதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் ‘ஆபரேஷன் பர்கா’ இயக்கம் 1978-இல் தொடங்கிற்று. அதிகாரிகள் சிற்றூர்களுக்குச் சென்று மாலைக் கூட்டங்களில் விவரம் திரட்டினர். 1990களின் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவாயினர். இடுபொருள்களைத் தாமே ஏற்கும் வாரதாரருக்கு விளைச்சலில் 75 விழுக்காடு சட்டப்படி உரியதாயிற்று. பயிரிடும் உரிமை வாரிசுகளுக்கும் செல்வதாயிற்று. அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இச்சீர்திருத்தம் உற்பத்தித் திறனை உயர்த்தியது எனக் கண்டது. எனினும், அதே காலத்தில் சிறுபாசனமும் பஞ்சாயத்துகள் வழியே விதையும் கடனும் பரவின. வளர்ச்சி முழுவதையும் பதிவின் பயனாகக் கொள்வதற்கில்லை.

மறுபுறம், நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற உரிமையாளரின் அச்சத்தையும் புறக்கணிக்க இயலாது. அவ்வச்சத்தால் குத்தகை வாய்மொழியிலேயே நின்றுவிடுகிறது. உழுபவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனால் வங்கிக் கடனும் பயிர்க் காப்பீடும் அவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. நிதி ஆயோக் 2016-இல் வெளியிட்ட மாதிரி நிலக் குத்தகைச் சட்டம், உரிமையாளரின் பட்டாவுக்குப் பாதுகாப்பும் குத்தகைதாரருக்குக் கடன், காப்பீட்டு வசதியும் அளிக்க முனைந்தது. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் இயற்றிய சட்டம் 11 மாதங்களுக்குப் பயிரிடுவோர் அட்டை வழங்க வகை செய்தது. ஆயின், அதற்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அச்சம் நீங்காத இடத்தில் அந்த ஒப்புதல் பெறுவதே அரிதாகும்.

ஆகவே, வேளாண் விரிவாக்கப் பணியாளர் உழவரிடம் புதிய விதையைப் பற்றிக் கூறுமுன், அதற்கான செலவு யாருடையது, பலன் யாருடையது, அடுத்த பருவத்தில் நிலம் யாரிடம் இருக்கும் என்று வினவுதல் வேண்டும். இவற்றுக்குத் தக்க விடை கிடைக்கும் வயலிலேயே புதுமை வேரூன்றும்.