பழைய வீடு வாங்கிப் பழுது பார்த்து வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

கடையில் நாலு காசு மிஞ்சத் தொடங்கியதும் நமது வணிகர்களுக்கு முதலில் தோன்றும் எண்ணம் வீடு. புது வீடு கட்ட மனையும் இல்லை, பொழுதும் இல்லை. அதனால் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் விலைக்கு வரும் பழைய வீட்டை வாங்கி, பூசி மெழுகி, இரண்டு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடலாமா என்று கேட்கிறார்கள். விடலாம். ஆனால் முதல் முறையாக இறங்குபவர் கடைக் கணக்கைப் போடுவது போலவே இதற்கும் கணக்குப் போட்டுவிட்டு இறங்க வேண்டும்.

நாம் முதலில் சொல்வது, சரக்குப் பணத்தைத் தொட வேண்டாம் என்பதுதான். மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாமல் கொடுக்கும் பணம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கு எடுக்கும் பணம், இவை கடையின் ரத்தம். அதை எடுத்துச் செங்கல்லில் போட்டால் அவசரத்துக்குத் திரும்ப வராது. சர்க்கரை மூட்டையை நாளைக்கே விற்கலாம், வீட்டை விற்க மாதங்கள் ஆகும். வீட்டு உரிமையாளர் என்ற பெயருடன், அலமாரியில் பாதி காலியாக உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். பழுது பார்ப்பதற்கு 5 லட்சம். மொத்த முதல் 37 லட்சத்து 70 ஆயிரம். இரண்டு போர்ஷனும் தலா 7,000 ரூபாய்க்குப் போனால் வருடத்துக்கு 1,68,000. ஒரு போர்ஷன் மாறும்போது வெள்ளையடித்து ஆள் பிடிக்கும் வரை காலியாகக் கிடக்கும். எனவே ஒரு மாத வாடகையைக் கழியுங்கள். சொத்து வரி, தண்ணீர் வரிக்கு 6,000, சில்லறைப் பழுதுகளுக்கு 15,000. கையில் நிற்பது 1,33,000. போட்ட முதலுக்கு மூன்றரை சதவீதம். வங்கி டெபாசிட் வட்டிகூட இதைவிட அதிகம். மனையின் மதிப்பு ஏறும் என்பதுதான் இதில் உண்மையான லாபம். அது தெருவைப் பொறுத்தது, ஏறாத தெருக்களும் இருக்கின்றன.

இதிலே 20 லட்சம் கடன் என்றால் நிலைமை வேறு. 9 சதவீத வட்டியில் 15 வருடத் தவணை மாதம் சுமார் 20,300 ரூபாய். இரண்டு போர்ஷனும் நிறைந்திருந்தாலே வாடகை 14,000. மீதி 6,300 ரூபாயை மாதா மாதம் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்க முடியுமென்றால் சரி. வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் சொன்னால், அவரையே ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பத்திரம் பார்ப்பது

பழைய வீட்டில் சுவரைவிடப் பத்திரத்தில்தான் விரிசல் அதிகம். மூலப்பத்திரம் தொட்டு இன்றுவரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பதிவானது மட்டுமே அதில் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கைமாற்றுக்கு ஈடாகக் கொடுத்து வைத்த பத்திரம் ஆகியவை அதில் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாத்தா பெயரில் இருந்த வீட்டைப் பேரன்மார் விற்கிறார்கள் என்றால் அத்தைமார், அக்கா தங்கைகள் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்தாலும், நாடு முழுவதும் 2005 திருத்தத்தாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது. "அதெல்லாம் சீர் செய்து அனுப்பியாச்சு" என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் செல்லாது. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளியூரில் இருக்கிறார், பிறகு போடுவார் என்றால், அவர் வரும் வரை நாமும் காத்திருப்போம்.

அடுத்தது ஒத்தி. பழைய வீடுகளில் குடியிருப்பவர் வாடகைக்காரர்தானா, ஒத்திக்காரரா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஒத்தி என்றால் அவர் கொடுத்த லட்சங்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார். அந்தத் தொகையை விலையில் கழித்து, அவரையும் வைத்துக்கொண்டே பேசி முடிப்பது நல்லது. வாங்கிய பிறகு நாமே வீட்டை ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கடையில் புரட்டலாம் என்ற ஆசையும் சிலருக்கு வரும். அது வட்டியில்லாக் கடன் போலத் தோன்றும். ஆனால் ஒத்திக்காரர் காலி செய்கிறேன் என்று வரும் நாளில் பணம் சரக்காகவும் உதாரிப் பாக்கியாகவும் கிடக்கும். பதிவில்லாமல் வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்தி இரு தரப்புக்கும் தொல்லை.

வீட்டின் பக்கச் சுவர் பொதுச்சுவரா, கொல்லைக்குப் போகும் சந்தில் யாருக்குப் பாத்தியதை என்பதையும் பத்திரத்தோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். அளவு நாடா பிடிக்க அரைமணி போதும்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் நமது வணிகர்கள் ரொக்கத்துக்குப் பழகியவர்கள். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. அபராதம் விற்பவருக்குத்தான் என்றாலும், ரசீதில்லாத ரொக்கத்தை நாம் கொடுத்ததாக நிரூபிப்பது எப்படி? காசோலை அல்லது வங்கி மாற்று மூலமே கொடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

பழுது பார்ப்பது

வீட்டை வெயிலில் பார்த்து வாங்குகிறார்கள். மழையில் பாருங்கள். தேக்குக் கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமென்றால், கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் வேலையைத் தொடங்கும். கான்கிரீட் தளத்தில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேல் பூச்சு உதவாது. துருவைச் சுரண்டி முறையாகச் செய்ய வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இரண்டு வருடத்தில் பூச்சு உப்பிக்கொண்டு வரும். செலவு சற்றுக் கூடினாலும் சுண்ணாம்பே பூசுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஒழுகல், பிறகு கழிவுநீர்க் குழாய், பிறகு வயரிங், பிறகு கக்கூஸ், குளியலறை. பெயின்ட் கடைசி. வாடகைக்கு வருபவர் சுவரின் நிறத்தைவிடத் தண்ணீர் வருகிறதா, கழிப்பிடம் உள்ளேயே இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். மொசைக் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடும் ஆடம்பரம் வாடகையில் திரும்புவது அபூர்வம். மேஸ்திரி சொல்லும் தொகையோடு கால் பங்கு கூட்டி ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று மேஸ்திரிக்கும் தெரியாது. பூச்சுக்கும் வெள்ளையடிப்புக்கும் அனுமதி தேவையில்லை. மாடி எழுப்புவதற்கும் கட்டடத்தை நீட்டுவதற்கும் வரைபட அனுமதி வாங்க வேண்டும்.

செலவுச் சீட்டுகளைத் தனி உறையில் வையுங்கள், கடைக் கணக்கில் எழுத வேண்டாம். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். அதற்குச் சீட்டு கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் பழுதுச் செலவைக் காட்டவும் முடியாது. ஆனால் புதிதாகக் கட்டிச் சேர்த்த வேலைகளின் சீட்டு, பின்னால் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரியைக் குறைக்க உதவும். முன்பக்க அறையைக் கடையாக்கி விட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரென்றால் அந்தக் கடை வாடகைக்கு 18 சதவீத வரி வரும். இணக்க முறையில் இருப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

குடிவைப்பதற்குப் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதிப் பெட்டியில் வைத்தால் போதும் என்பது பழைய வழக்கம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நமது ஊர்களில் பழகிப் போயிருக்கிறது. கேட்பதானால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். போர்ஷனுக்குத் தனித்தனி மின் மீட்டர் வாங்கிவிடுங்கள், மாதா மாதம் பங்கு பிரிக்கும் சண்டை இருக்காது. வாங்கிய அட்வான்ஸைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.