ஹாலில் ஒரு டென்ட் கொட்டகை!

திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். உங்களைப் போல மாசச் சம்பளக்காரர். 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு சினிமா புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். உத்தியோகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டென்ட் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டினார்.

இன்றைக்கு உங்கள் ஆபீஸிலும் ஒரு குட்டி வின்சென்ட் இருப்பார். லஞ்ச் டயத்தில் தயிர்சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டு, இன்னொரு கையால் செல்போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். "8000 லூமெனாம்... 4கே சப்போர்ட்டாம்... 200 இன்ச்சாம்... விலை வெறும் ஒன்பதாயிரமாம்! வாங்கிடலாமா சார்?" நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஆர்டர் போட்டுவிடுவார்.

வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால், வீட்டில் சினிமா என்பது புரொஜெக்டர் பாதி, இருட்டு பாதி. முதல் பாதியைத்தான் கடையில் விற்கிறார்கள். இரண்டாவது பாதி ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க ஏறி இறங்கினாலும் கிடைக்காது. அதை நம் வீட்டில்தான் தயார் பண்ண வேண்டும்.

கறுப்பு என்ன கலர்?

டி.வி.க்கும் புரொஜெக்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது வெளிச்சம் படாத உங்கள் வீட்டுச் சுவர்தான், வேறொன்றுமில்லை. ஹாலில் ட்யூப்லைட் எரியும்போது அந்தச் சுவர் என்ன கலரோ, அதுதான் ஹீரோ போட்டிருக்கும் கறுப்புச் சட்டையின் கலரும்! பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேய்ப் படம் பார்த்தால் பேய்க்கே சிரிப்பு வரும்.

ஆகவே முதல் பரீட்சை இது. ராத்திரி எல்லா லைட்டையும் அணையுங்கள். உட்கார்ந்த இடத்தில் பேப்பரின் தலைப்புச் செய்தியைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் தெரு விளக்கு உள்ளே வருகிறது என்று அர்த்தம். வெளிச்சம் புகாத கனமான திரைச்சீலையாகப் பார்த்து ஜன்னலுக்குப் போடுங்கள். புரொஜெக்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் செலவு இதுதான்.

"எங்க வீட்ல பகல்ல கிரிக்கெட்தான் சார் முக்கியம்" என்கிறீர்களா? பேசாமல் நல்ல டி.வி. ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எட்டாயிரமா, எட்டாக் கனியா?

அடுத்தது லூமென். வெளிச்சத்தை அளக்கும் கணக்கு. ஆன்சி லூமென் என்றால் திரையை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுத்தது. ஐ.எஸ்.ஓ. 21118 என்று போட்டிருந்தாலும் நம்பலாம். முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல் மொட்டையாக 'லூமென்' என்று மட்டும் அச்சடித்திருந்தால் உஷார்! அது எங்கே அளந்தது, யார் அளந்தது என்று கேட்க நாதி கிடையாது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? சினிமா தியேட்டருக்கு 16 ஃபுட்-லாம்பர்ட் என்று ஒரு வெளிச்ச அளவு வைத்திருக்கிறார்கள். 100 இன்ச் திரையின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. பெருக்கினால் 480. அதாவது கும்மிருட்டில், சாதாரண வெள்ளைத் திரையில், நிஜமான 500 லூமென் கிடைத்தால் தியேட்டர் வெளிச்சம் வந்துவிடுகிறது. போகப் போக விளக்கு மங்கும். கலர் சரியாக வரும் மோடில் வைத்தால் வெளிச்சம் இன்னும் குறையும். அதற்கெல்லாம் சேர்த்து 1000 ஆன்சி லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது சொல்லுங்கள், 8000 என்று அந்தப் பெட்டியில் எழுதியது எதற்கு?

'4கே சப்போர்ட்' இன்னொரு வேடிக்கை. 4கே சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 4கே-யாகக் காட்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி: "நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?" நிஜ 4கே-யில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1920 x 1080 என்றால் சுமார் 21 லட்சம். சில மலிவுப் பெட்டிகளில் 854 x 480, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம்தான். 83 லட்சத்தை நாலு லட்சத்தில் அடைப்பது, பீக் அவர் டவுன் பஸ் சமாசாரம்! சம்பளத்துக்கு ஏற்ற தேர்வு, நேட்டிவ் 1080.

இன்ச் டேப் எங்கே?

புரொஜெக்டர் விவரத்தில் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு நம்பர் இருக்கும். படத்தின் அகலத்தை அந்த நம்பரால் பெருக்கினால், சுவரிலிருந்து லென்ஸ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 100 இன்ச் படத்தின் அகலம் 87 இன்ச். த்ரோ ரேஷியோ 1.2 என்றால் எட்டே முக்கால் அடி. 1.5 என்றால் கிட்டத்தட்ட 11 அடி. உங்கள் ஹால் பத்தடிதான் என்றால் புரொஜெக்டரைச் சமையலறையில் குக்கருக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்!

அதே 1.5 ரேஷியோவில் 80 இன்ச் என்றால் எட்டே முக்கால் அடியில் அடங்கிவிடும். கூடவே ஒரு போனஸ். 20 இன்ச் ஆசையைக் குறைத்துக்கொண்டால் திரையில் வெளிச்சம் ஒன்றரை மடங்கு ஆகிறது.

அளக்கும்போது மறக்கக் கூடாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். சீலிங் ஃபேன்! நடு ஹாலில் சுற்றுகிற அவர், வெளிச்சத்தின் பாதையில் றெக்கையை நீட்டினால் படம் முழுக்க நிழலாட்டம்தான். 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்கிற ஹவுஸ் ஓனர் வேறு இருப்பார். அவர் வீட்டு சீலிங்கில் நான்கு ஓட்டை போட்டால் அட்வான்ஸ் திரும்பாது. ஸ்டூலோ, உயரமான அலமாரியோ போதும்.

ஒரு எச்சரிக்கை. கோணலாக ஒரு மூலையில் வைத்துவிட்டு, 'கீஸ்டோன்' பட்டனை அமுக்கினால் படம் நேராகிவிடும் என்பார்கள். ஆகும். ஆனால், படத்தைச் சுருக்கி, ஓரத்துப் புள்ளிகளை வீணாக்கித்தான் நேராக்கும். காசு கொடுத்த புள்ளிகள் சார்! கூடுமானவரை சுவருக்கு நேர் எதிரே வையுங்கள். காற்று போகும் ஓட்டைகளை மறைக்காதீர்கள். சூடு ஏறினால் ஆயுள் குறையும்.

ஆயுள் கணக்கு

லாம்ப் வகையில் விளக்குக்கு 4000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தினம் மூணு மணி நேரம் பார்த்தால் மூன்றரை வருஷத்துக்கு மேல் வரும். அப்புறம் புது லாம்ப். அதன் விலையை இன்றைக்கே கேட்டு, மொத்த விலையில் கூட்டிக்கொள்ளுங்கள். லேசர், எல்.இ.டி. வகைகளுக்கு 20,000 மணி நேரம் என்பார்கள். அதே கணக்கில் 18 வருஷம். அதற்குள் பையன் காலேஜ் போய்விடுவான். ஆனால், நடுவில் வேறு ஏதாவது கெட்டால் ரிப்பேர் பார்க்க உங்கள் ஊரில் ஆள் உண்டா? இந்தக் கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

சத்தத்தையும் மறக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர், கூட்டத்தில் பேசும் கூச்ச சுபாவிபோல முனகும். வெளி ஸ்பீக்கரை ஒயர் போட்டே இணையுங்கள். ப்ளூடூத்தில் சில சமயம் ஹீரோ வாயை மூடிய பிறகுதான் டயலாக் வரும்.

திரையை உடனே வாங்க வேண்டாம். மேடு பள்ளமில்லாத, பளபளக்காத வெள்ளைச் சுவர் ஒரு மாசத்துக்குப் போதும். எந்த உயரம், எந்த சைஸ் என்று அதற்குள் பழகிவிடும். ஒரே தொல்லை பல்லி. கதாநாயகி கண்ணீர் விடும் க்ளோசப்பில் சரியாகக் கன்னத்தில் வந்து நிற்கும்.

ஆகவே, ஆர்டர் பட்டனை அமுக்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். இன்ச் டேப்பால் அளந்து, சுவரில் பழைய நியூஸ் பேப்பரை 80 இன்ச்சுக்கு ஒட்டுங்கள். லைட்டை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு எதிரில் உட்காருங்கள். எல்லோருக்கும் இடம் இருக்கிறதா, ஃபேன் மறைக்கிறதா, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அத்தனையும் தெரிந்துவிடும். செலவு, பசை மட்டும்.

"ஏங்க, வெறும் பேப்பரையே இருட்டுல உக்காந்து பாக்கறீங்களே, உடம்புக்கு ஏதாவது...?" என்று வீட்டில் கேட்டால், "ட்ரெய்லர் ஓடுது" என்று சொல்லிவிடுங்கள்!