செப்சிஸ் சார்ந்த மூளைக்கோளாறு

செப்சிஸ் சார்ந்த மூளைக்கோளாறு என்பது, உடலின் வேறொரு பகுதியில் ஏற்பட்ட கடுமையான நோய்த்தொற்றின் விளைவாக மூளையின் செயற்பாடு பரவலாகக் குன்றும் நிலையாகும். மூளைக்காய்ச்சலில் நோய்க்கிருமிகள் மூளையையோ அதன் உறைகளையோ நேரடியாகத் தாக்குகின்றன. இந்நோயில் அவ்வாறு நிகழ்வதில்லை. நுரையீரல், சிறுநீர்ப்பாதை, வயிறு போன்ற இடங்களில் உள்ள தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினையே மூளையைப் பாதிக்கிறது.

அறிகுறிகள்

கவனக்குறைவு, குழப்பம், பிதற்றல், தூக்கக் கலக்கம் ஆகியன முதலில் தோன்றலாம். கடுங்காய்ச்சலில் காணும் பிதற்றலைப் பேச்சு வழக்கில் சன்னி என்பர். நிலை முற்றினால் ஆழ்மயக்கம் ஏற்படும். முதியோரிடம் காய்ச்சல் இல்லாமலே திடீர்க் குழப்பம் மட்டும் காணப்படலாம். இதனை முதுமையின் மறதி எனக் கருதிவிட்டால் சிகிச்சை தாமதமாகும். மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் வளர்வது. இக்கோளாறோ சில மணிநேரங்களில் அல்லது நாட்களில் தோன்றுவது.

ஏற்படும் முறை

* தொற்றை எதிர்க்கும் உயிரணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் குருதி-மூளைத் தடுப்பைத் தளர்த்துகின்றன.
* மூளையின் நோயெதிர்ப்பு உயிரணுக்களான மைக்ரோகிளியாக்கள் தூண்டப்பட்டு அழற்சியை உண்டாக்குகின்றன.
* நுண்குழாய்களில் குருதியோட்டம் குறைவதால் நரம்பணுக்களுக்குப் போதிய ஆக்சிசன் கிடைப்பதில்லை.
* கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுற்றால் கழிவுப்பொருட்கள் குருதியில் தேங்கி நிலையை மோசமாக்குகின்றன.

கண்டறிதல்

இதற்கெனத் தனிச் சோதனை இல்லை. மூளைக்காய்ச்சல், பக்கவாதம், குருதிச் சர்க்கரைக் குறைவு, மருந்துகளின் விளைவு ஆகியன இல்லை என உறுதிசெய்த பின்னரே இக்கோளாறு எனக் கொள்ளப்படுகிறது. மூளை மின்னலை வரைவில் அலைகள் மெதுவாகக் காணப்படும். 2016 இல் வெளியான செப்சிஸ் வரையறையுடன் பரிந்துரைக்கப்பட்ட விரைவு மதிப்பீட்டின் மூன்று குறிகளுள் மனநிலை மாற்றமும் ஒன்று. ஏனையவை நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு வீதமும், 100 அல்லது அதற்குக் குறைந்த சுருங்கழுத்தமும் ஆகும்.

சிகிச்சையும் பின்விளைவுகளும்

மூளைக்கென்று தனி மருந்து இல்லை. நுண்ணுயிர் எதிர்ப்பிகளை விரைந்து தருதல், சீழ்க்கட்டி போன்ற தொற்றின் மூலத்தை அகற்றுதல், குருதியழுத்தத்தையும் ஆக்சிசன் அளவையும் பேணுதல் ஆகியனவே சிகிச்சை. பலர் தெளிவு பெறுகின்றனர். எனினும் சிலரிடம் நினைவாற்றல் குறைவு நீடிக்கிறது. அமெரிக்க முதியோரிடம் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான செப்சிசிலிருந்து பிழைத்தோரிடையே மிதமானது முதல் கடுமையானது வரையான அறிதிறன் குறைபாடு 6.1 விழுக்காட்டிலிருந்து 16.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது.